உவ்வே வாங்கிய பேட்டரி

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. ரிமோட் கார் ஓட்டுகிற கூட்டத்தில் யாருக்கும் அது தெரியாது. முதுகுக்குப் பின்னால் 'உவ்வே', முகத்துக்கு நேரே 'பல்லண்ணே'. இரண்டாவது பெயர் தொழிலால் வந்தது. பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புகிற வாய்களுக்கு அவர் பொய்ப்பல் செய்து கொடுக்கிறார். முதல் பெயர் வாயால் வந்தது. அந்த வாயிலிருந்து அதிகமாக வெளியே வருகிற சொல் அதுதான்.

விரலில் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிறவரைப் பார்த்தால் உவ்வே. பேனா மூடியைக் கடித்துக்கொண்டே யோசித்துவிட்டு, அதே பேனாவை 'இங்க கையெழுத்துப் போடுங்க' என்று நீட்டுகிற அலுவலகக்காரரைப் பார்த்தால் உவ்வே. பொது இடத்துக் கதவுகளை அவர் முழங்கையால்தான் திறப்பார். இழுத்துத் திறக்கிற கதவாக இருந்தால், வேறு யாராவது உள்ளேயிருந்து வரும்வரை ஏதோ நினைவு வந்தவர்போல வாசலிலேயே நின்றுகொண்டிருப்பார்.

இப்படிப்பட்டவர் எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தார் என்று கேட்கலாம். அவர் மனைவி இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். டாக்டரிடமிருந்து வருகிற அச்சு சும்மா வராது. ரோஸ் நிறப் பசையில் யாரோ ஒருவருடைய மேல்வாய் பதிந்திருக்கும். கூடவே, அந்த யாரோ நேற்று மத்தியானம் சாப்பிட்ட கீரையும். உவ்வே இரண்டு கையுறை, ஒரு முகமூடி போட்டுக்கொண்டு அதை மூன்று முறை கழுவுவார். நான்காவது முறை ஒரு சந்தேகத்துக்காகக் கழுவுவார். அதனாலேயே ஊரில் சுத்தமான வேலை அவருடையது என்று பெயர். அருவருப்பை வைத்து அரிசி வாங்குகிற ஒரே மனிதர்.

பட்டறை வீட்டுக்கு அடுத்த கட்டடத்தின் பின்பக்கத்து அறை. பல் கட்டுவதற்கான மெழுகை இளக்க ஒரு வெந்நீர்த் தொட்டி, அச்சை இறுக்க ஒரு கிடுக்கி, சுவர் முழுக்கத் தட்டுகள். தட்டுகளில் வெள்ளை வெள்ளையாக நூற்றுக்கணக்கான மாவுக்கட்டு வாய்கள், எல்லாம் ஒரே நேரத்தில் ஏதோ கேட்க வந்து மறந்துபோனவை மாதிரித் திறந்திருக்கும்.

வாரம் முழுக்க ஊரார் வாயைப் பார்த்த மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமை சுத்தமாக ஏதாவது வேண்டியிருந்தது. ரிமோட் கார் சுத்தமானது. முழங்கை நீளத்துக்கு ஒரு கார். எண்ணெய் இல்லை, புகை இல்லை, எச்சில் இல்லை. மூடிக் கிடந்த ஒரு கடை வளாகத்தின் மேல்தளத்து வண்டி நிறுத்தத்தில் சாம்பல் நிறக் கம்பளம் விரித்து, பலகை அடித்துப் பாதை போட்டிருந்தார்கள். காலையில் மூன்று சுற்று தகுதி ஓட்டம், மூன்றில் சிறந்தது எதுவோ அதுதான் கணக்கு. அதில் முதல் எட்டுப் பேர் ஏ பிரிவு. மீதிப் பேர் பி. ஏ பிரிவு ஓடும்போது பி பிரிவுக்காரர்கள் வளைவுக்கு வளைவு நின்று, கவிழ்கிற கார்களைத் தூக்கி நேராக வைக்க வேண்டும். அது சங்கத்தின் விதி.

உவ்வே ஆறு வருடமாகத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் இதற்கு ஒரு விலை இருந்தது: சாப்பாட்டு மேசை. அதன்மேல் சார்ஜர், பேட்டரி வைக்கிற நெருப்புப் பிடிக்காத பை, டயர் டப்பாக்கள், ஈயம் பற்றவைக்கிற கோல், திருகாணிகள் நிறைந்த பதினான்கு சின்னக் கிண்ணங்கள். கிண்ணங்கள் வீட்டுக் கிண்ணங்கள்தான். அவர் மனைவி தபால் அலுவலகக் கவுண்ட்டரில் எட்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்து, கட்டில் ஓரத்தில் மடியில் தட்டை வைத்துச் சாப்பிடுவார். ஆறு வருடம்.

"ஏங்க, நமக்குக் கல்யாணம் ஆனப்ப மேசைன்னு ஒண்ணு வாங்கினோமே, அது நல்லாருக்கா? பாத்து நாளாச்சு."

"இருக்கு இருக்கு."

"விசாரிச்சதா சொல்லுங்க."

இப்படியே போய்க்கொண்டிருந்தது, போன குளிர்காலத்தில் ஒரு நாள் குழம்பு மடியில் கொட்டுகிறவரை. அந்த அம்மா புடவையைக் கூட மாற்றாமல் வந்து நின்றார்.

"இந்த வருஷக் கடைசிப் பந்தயம் எப்போ?"

"ரெண்டு வாரத்துல."

"அதுல நீங்க ஏ பிரிவுக்கு வந்துட்டீங்கன்னா மேசை உங்களுது. ஆயுசுக்கும் நான் வாய் திறக்க மாட்டேன். வரலன்னா காரு, டயரு, கிண்ணம் எல்லாத்தையும் மூட்டை கட்டிக் கேக்கறவங்களுக்குக் குடுத்துடணும். அந்தப் பக்கமே போகக் கூடாது. சம்மதமா?"

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து கை கொடுத்தார்.

பந்தயத்தில் ஓட்டுகிறவன் பாதி, பேட்டரி பாதி. அவருடைய பேட்டரி மூன்று வருடம் உழைத்தது. விருந்து முடித்து எழுந்த மாமனார் மாதிரி வயிறு உப்பிவிட்டது. உப்பிய பேட்டரி கம்பளத்தில் ஏறக் கூடாது, நெருப்புப் பிடிக்கும். ஆகவே புதிதாக ஒன்று தேர்ந்தெடுத்தாக வேண்டும். கடைசிப் பந்தயத்துக்கு ஒருவருக்கு ஒரே பேட்டரிதான். ஒரு வாரம் முன்பே சங்கச் செயலாளர் அதில் முத்திரை ஒட்டிவிடுவார். அதன்பின் மாற்ற முடியாது.

கடைக்குப் போனார். கண்ணாடி அலமாரியில் சோப்பு டப்பா அளவில் பேட்டரிகள், ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஓர் எண்: நூறு, நூற்றிருபது, நூற்றைம்பது. எண் ஏற ஏற மின்சாரத்தை அவ்வளவு வேகமாகக் கக்கும் என்று பொருள். அதாவது, கம்பெனி அப்படிச் சொல்கிறது என்று பொருள்.

"இது போன வருஷம் நூறுன்னு போட்டிருந்துச்சே?" என்றார் கடைக்காரரிடம்.

"இந்த வருஷம் நூத்தம்பது சார்."

"உள்ள என்ன மாத்தினாங்க?"

"ஸ்டிக்கர் சார்."

"ஸ்டிக்கர் வெளியிலல்ல இருக்கு?"

"உள்ள மாத்தினதா நான் சொல்லலையே சார்."

"உண்மையான நம்பர் போட்ட பேட்டரி ஒண்ணுமே வர்றதில்லையா?"

"ஒரு கம்பெனி போட்டாங்க சார். நாப்பதுன்னு போட்டாங்க. யாரும் திரும்பிக்கூடப் பாக்கல. மூடிட்டாங்க."

உவ்வே அலமாரியைப் பார்த்து உவ்வே என்றார். மற்றவர் எச்சிலாவது கண்ணுக்குத் தெரியும், கழுவலாம். அச்சடித்த பொய்யை எதைப் போட்டுக் கழுவுவது? முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.

அவர் நம்பியது மீட்டரை. பேட்டரிக்குள் மின்சாரத்தின் கழுத்தைப் பிடிக்கிற ஒரு தடை உண்டு. அது குறையக் குறைய கார் பறக்கும். அந்தத் தடையை அளக்க உள்ளங்கையளவு மீட்டர் ஒன்று அவரிடம் இருந்தது. இரண்டு முனையைத் தொட்டால் எண் சொல்லும். அதற்கு வாய் கிடையாது. அதனால் நாற்றமும் இல்லை, பொய்யும் இல்லை என்பது அவர் எண்ணம்.

இந்த இடத்தில்தான் மெத்தை வருகிறார்.

மெத்தை என்றால் மெத்தைக் கடை முதலாளி. உடம்பும் கடைக்குப் பொருத்தமாகவே இருக்கும். சங்கத்தின் தலைவர், ஐந்து வருடச் சாம்பியன். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் அரைமணி நேரம், இரண்டு கையையும் மார்பில் இறுக்கக் கட்டிக்கொண்டு, தாடையைத் தூக்கி, யாருக்கும் கை கொடுக்காமல் நிற்பார். 'சாம்பியன் நிக்கிறதப் பாரு, என்ன ஒரு திமிரு!' என்று பி பிரிவு வியக்கும். அவருடைய மேல்வரிசை முன்பற்கள் மூன்றும் உவ்வே செய்தவை. ஆகவே அந்த மனிதரைத் தனக்கு உள்ளும் புறமும் தெரியும் என்றே உவ்வே நினைத்திருந்தார். வாய் தெரியும், அவ்வளவுதான்.

பயிற்சிக்கு வந்த ஞாயிறு, மூச்சு விட்டால் புகை தெரிகிற குளிர். மெத்தை பக்கத்தில் வந்தார்.

"பல்லண்ணே, எங்கம்மா பல்செட்டு கீழ விழுந்து ரெண்டா போச்சு. கஞ்சியத் தவிர ஒண்ணும் இறங்கல. ஒட்டிக் குடுங்களேன்."

"கொண்டா தம்பி, ஒட்டலாம்."

"காசுன்னு குடுத்தா நீங்க வாங்க மாட்டீங்க. பேட்டரி தேடறீங்களாமே? எங்கிட்ட மூணு இருக்கு, ஒண்ண எடுத்துக்கோங்க."

இரண்டு பேட்டரியைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். மூன்றாவதை ஜாக்கெட்டுக்குள் கைவிட்டு, எங்கோ ஆழத்திலிருந்து எடுத்தார்.

"இது நம்ம செல்லம். குடுக்க மனசு வரல. ஆனா நீங்க நம்ம பல்லண்ணே."

உவ்வே மீட்டரை வைத்தார். பெட்டியிலிருந்து வந்தவை இரண்டும் மூன்றுக்குக் கொஞ்சம் மேலே. ஜாக்கெட்டிலிருந்து வந்தது ஒன்றரை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். ஒன்றரை. தொட்டால் வெதுவெதுவென்று இருந்தது.

"என்ன தம்பி, சூடா இருக்கு?"

"இப்பத்தான் சார்ஜ்லேர்ந்து எடுத்தேண்ணே."

ஆறு வருடமாக யாரையும் நம்பாத மனிதர், மீட்டர் சொன்னதால் நம்பினார். செயலாளரும் அங்கேயே முத்திரை ஒட்டினார். மெத்தையின் அம்மா பல்செட்டு செவ்வாய்க்கிழமையே ஒட்டப்பட்டு, பாலிஷ் போட்டு, கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

புதன்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் வைத்து உவ்வே பேட்டரியை மறுபடி அளந்தார். மூன்று புள்ளி ஒன்று.

முனையைத் துடைத்தார். மூன்று புள்ளி ஒன்று. மீட்டருக்கு வேறு பேட்டரி போட்டார். மூன்று புள்ளி ஒன்று. உள்ளே கசிகிற பேட்டரி இனிப்பாக, நகப்பூச்சு மாதிரி மணக்கும். அதுவாக இருக்குமோ என்று மூக்கின் அருகே கொண்டுபோனார்.

இனிப்பு வாசம் இல்லை. ரோஜாப் பவுடர் வாசம் இருந்தது. அதன் அடியில் வியர்வை. அதற்கும் அடியில், துவைக்காத பனியன். ஜெயித்தவுடன் எல்லோரையும் கட்டிப்பிடிக்கிற மெத்தையின் அணைப்புக்குள் இரண்டு முறை மாட்டியிருந்ததால், அந்த வாசம் இன்னாருடையது என்று மூக்கு பெயர் சொன்னது.

சந்தேகத்தைத் தீர்க்கப் பட்டறைக்குக் கொண்டுபோனார். பாலிதீன் பையில் சுற்றி, மெழுகுத் தொட்டியின் மூடிமேல், உடம்புச் சூடு அளவுக்கு வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தார். மூன்று புள்ளி ஒன்று. இரண்டு புள்ளி ஆறு. இரண்டு. ஒன்றரை. சுற்றிலும் தட்டுகளில் நூற்றுக்கணக்கான வாய்கள் பிளந்தபடி பார்த்துக்கொண்டிருந்தன. சூடேறினால் தடை குறையும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அதனால்தானே சங்கத்துச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தது: 'பேட்டரியை எந்தக் கருவி கொண்டும் சூடாக்கக் கூடாது.'

வீட்டுக்கு ஓடி வந்தார்.

"கக்கம்!" என்றார்.

"என்னங்க?"

"கக்கத்துல வச்சிருக்கான். ஐயோ, அவன் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறானே, அது திமிரு இல்ல. பேட்டரிய அடைகாக்கிறான்! அஞ்சு வருஷமா!"

மனைவி சிரிக்க ஆரம்பித்தவர், கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"சிரிக்காதே. அத நான் மூக்குல வச்சு மோந்து பாத்தேன்."

"அதையா என் மேசைமேல வச்சிருந்தீங்க?" சிரிப்பு அப்படியே நின்றது. "சீ, கருமம்!"

செயலாளருக்கு ஃபோன் போட்டார். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இரண்டு முறை இருமினார்.

"கருவின்னுதான் போட்டிருக்குண்ணே. கக்கம் கருவியா?"

"என்னய்யா பேச்சு இது?"

"கமிட்டியில வச்சுத்தான் முடிவு பண்ணணும். கமிட்டிய மெத்தைதான் கூட்டணும். அடுத்த வருஷம் பாத்துக்கலாமே?"

அடுத்த வருடம் அவருக்குக் கார் இருக்காது. மாற்றுப் பேட்டரிக்கு வழியில்லை, முத்திரை விழுந்தாயிற்று. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துப் பேட்டரியை ஏழு தடவை துடைத்தார். மேலே இருந்த எழுத்தெல்லாம் மங்கியது. ஸ்டிக்கர் ஓரத்தில் மட்டும் ரோஜா அசையாமல் உட்கார்ந்திருந்தது.

கடைசிப் பந்தயத்துக்கு அந்த அம்மாவும் கூட வந்தார். மேசையைக் கண்ணெதிரே ஜெயித்து வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்பது திட்டம். சார்ஜரை மூட்டை கட்டப் பை கூடக் கொண்டு வந்திருந்தார். மேல்தளத்தில் காற்று பிளேடு மாதிரி வீசியது. முதல் சுற்றில் உவ்வே பதினொன்றாவது. இரண்டாவதில் பன்னிரண்டு. வளைவிலிருந்து நிமிர்ந்து மற்ற கார்கள் பாய்கிறபோது, அவருடையது மாடிப்படி ஏறுகிறவர் மாதிரி மூச்சு வாங்கியது. மிச்சம் இருந்தது ஒரே சுற்று.

மனைவி பையை உதறி மடியில் விரித்துக்கொண்டார். "கிண்ணத்தையெல்லாம் சோடா உப்புப் போட்டுத்தான் கழுவணும்" என்றார் பொதுவாக, காற்றைப் பார்த்து.

உவ்வே பேட்டரியைக் கையில் எடுத்தார். பார்த்தார். கைக்குட்டையில் சுற்றினார். சட்டைப் பொத்தானை இரண்டு அவிழ்த்தார்.

"துணியோட வச்சா சூடு எப்படிங்க ஏறும்?"

"நீ சும்மா இரு."

"எனக்கென்ன, எனக்கு மேசை. சொன்னேன்."

அவர் கைக்குட்டையை உருவினார். இன்னொருவர் கக்கத்தில் ஒரு பருவம் முழுக்கக் குடியிருந்த வஸ்து, தவளை முதுகு போல ஜில்லென்று அவர் கக்கத்துக்குள் போயிற்று. "உவ்வே!" என்று அவர் போட்ட சத்தத்தில் மேல்தளமே திரும்பிப் பார்த்தது. வழுக்கி விழாமல் இருக்க இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டார். குமட்டலை அடக்கத் தாடையைத் தூக்கினார்.

தாடையைத் தூக்கியதும்தான் அவருக்குத் தெரிந்தது. எதிரே பலகை ஓரமாக மெத்தை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பக்கத்தில் ஒருவர், அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர். போன வருட ஏ பிரிவு வரிசையாக, ஆள் தப்பாமல், கையைக் கட்டி நின்றுகொண்டிருந்தது. கடைசியில் செயலாளர். பி பிரிவுக்காரர்கள்தான் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, பிஸ்கட் தின்றுகொண்டு, மூக்கைச் சொரிந்துகொண்டு, உலகத்தில் எந்த ரகசியமும் இல்லாதவர்கள் மாதிரித் திரிந்தார்கள். ஆறு வருடமாக உவ்வே அந்த வரிசையைப் பார்த்து, 'நமக்கு அந்தத் தோரணை வராது' என்று ஏங்கியிருக்கிறார்.

செயலாளர் அவரைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். மெத்தை, உவ்வே செய்து கொடுத்த மூன்று பற்களும் தெரியச் சிரித்தார்.

"வாங்கண்ணே" என்றார். "இந்தப் பக்கம் நில்லுங்க, காத்து கம்மி."

உவ்வே அந்தப் பக்கம் போய் நின்றார்.

மூன்றாவது சுற்றில் கார் பறந்தது. அவர் ஓட்டுவது எப்போதும் சுத்தம்தான். பலகையில் இடிக்க மாட்டார், அடுத்தவரை உரச மாட்டார். குறைந்தது வேகம் மட்டும். அது இப்போது வந்துவிட்டது. ஐந்து நிமிட ஓட்டம் முடிந்து பலகையில் பெயர்கள் விழுந்தபோது எட்டாவது இடத்தில் அவர், ஒன்பதாவது ஆளைவிட அரை விநாடி முன்னால். ஆறு வருடமாக அவரோடு ஒரே வளைவில் நின்று கார் தூக்கிய ஒரு பேருந்து நடத்துனர்தான் அந்த ஒன்பதாவது. ஏ பிரிவு ஓட்டத்தில் உவ்வேயின் கார் கவிழ்ந்தபோது ஓடி வந்து தூக்கி வைத்தவரும் அவர்தான். உவ்வே அதில் கடைசியாக வந்தார். கடைசி என்றாலும் ஏ.

எல்லாம் முடிந்து நடத்துனர் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். முகத்தில் பொறாமை கொஞ்சமும் இல்லை.

"பல்லண்ணே, எப்படிண்ணே? எனக்கும் சொல்லுங்களேன்."

உவ்வே வாயைத் திறந்தார். பக்கத்தில் ஏழு பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"பயிற்சிதான்" என்றார்.

சொன்னவுடன் வாய்க்குள் ஏதோ ஊறிப்போன ரப்பரைக் கடித்த மாதிரி இருந்தது. கடை அலமாரியும் அதன் நூற்றைம்பதுகளும் நினைவுக்கு வந்தன. துப்ப இடம் தேடினார். கம்பளத்தில் துப்பக் கூடாது என்று அவரே சண்டை போட்டு ஒட்டவைத்த அறிவிப்பு எதிரே இருந்தது. விழுங்கினார்.

மத்தியானம் வீடு வந்தார்கள். வந்ததும் உவ்வே இரண்டு தடவை குளித்தார். அந்த அம்மா காலிப் பையை மடித்து வைத்தார். சோற்றைப் போட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"மேசை உங்களுது. சொன்னா சொன்னதுதான். நான் வாய் திறக்க மாட்டேன்."

உவ்வே மேசைமுன் உட்கார்ந்தார். பெட்டியைத் திறந்து பேட்டரியை எடுத்து மரத்தின்மேல் வைத்தார். அது இன்னும் லேசாக வெதுவெதுப்பாக இருந்தது. மூக்கு, கேட்காமலே, தன் வேலையைச் செய்தது. ரோஜா, பனியன், அப்புறம் மூன்றாவதாக ஒரு வாசம். அது யாருடையது என்று கண்டுபிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சொந்த வாசம் மூக்குக்குச் சட்டென்று பிடிபடாது.

எழுந்தார். பேட்டரியையும் சார்ஜரையும் டயர் டப்பாக்களையும் பெட்டிக்குள் அள்ளினார். பதினான்கு கிண்ணத்துத் திருகாணிகளையும் ஒரே பையில் கொட்டினார். எல்லாவற்றையும் இரண்டு நடையாகப் பட்டறைக்குத் தூக்கிப்போய், அந்த வாய்களுக்குக் கீழே வைத்துவிட்டு வந்தார். பிறகு மேசையை வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்தார். ஸ்பிரிட்டால் துடைத்தார். மறுபடி சோப்பு. மரத்தின் பாலிஷ் ஓர் இடத்தில் உரிந்து வந்தது.

அந்த அம்மா சாப்பிடுவதை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆறு வருடத்துக்குப் பிறகு முழங்கையை ஊன்றிச் சாப்பிட்டார். அவரும் ஒரு தட்டோடு எதிரே வந்தார்.

"அப்போ பந்தயத்த விட்டாச்சா?"

"விடல."

"அடுத்த ஞாயித்துக்கிழமை?"

"போவேன். ஏ பிரிவுல்ல."

"அதே பேட்டரியா?"

"புதுசு வாங்கணும்." கொஞ்சம் யோசித்தார். "யாரும் வைக்காதது."

"வைக்காதத வாங்கி?"

அவர் சோற்றைப் பிசைந்தார். அந்த அம்மா மோரை ஊற்றிக்கொண்டார்.

"தட்ட வச்சிட்டு, குளிச்சிட்டு வந்து உக்காருங்க."

"வந்ததும் ரெண்டு தடவ குளிச்சேன்."

"மூணாவது தடவ குளிச்சா தேஞ்சா போயிடுவீங்க?"

உவ்வே எழுந்து போனார். போகும்போது இரண்டு கையும் தாமாகவே மார்பில் கட்டியிருந்தன.